கூற்றுடையோரும் கூற்றிலாரும்: 'எலீட் ஸ்குவாட்' திரைப்படத்தில் குரலும் வன்முறையும்

ஆய்வுச் சுருக்கம்

பிரேசில் நாட்டு இயக்குநர் ஜோசே பாடில்யாவின் 'எலீட் ஸ்குவாட்' (2007), ரியோ டி ஜெனிரோ நகரின் ஃபவேலாக்களில் போதைப்பொருள் கும்பல்களோடு மோதும் சிறப்புக் காவல் படையைப் பற்றிய குற்றவியல் திரைப்படம். காவல்துறை வன்முறையை இப்படம் போற்றுகிறதா, கண்டிக்கிறதா என்னும் வினாவைச் சுற்றியே இதுபற்றிய விவாதங்கள் பெரிதும் அமைந்துள்ளன. அவ்வினாவைக் கதைப்பொருளிலிருந்து குரலின் பக்கம் நகர்த்திப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் சொல்லப்படும் கூற்று, கேட்போர், எச்சம் ஆகிய உறுப்புகள் இதற்குக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூற்று, கேட்போர், எச்சம், பின்னணிக் குரல், ஃபவேலா, காவல்துறை வன்முறை, பிரேசில் சினிமா.

முன்னுரை

2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைபெற்ற பெர்லின் திரைப்பட விழாவில் 'எலீட் ஸ்குவாட்' தங்கக் கரடி விருதைப் பெற்றது. அவ்வாண்டு நடுவர் குழுவின் தலைவராக இருந்தவர் கோஸ்டா காவ்ராஸ். அரசின் அடக்குமுறையைத் தோலுரித்த 'இசட்' (1969) முதலிய படங்களால் உலகறிந்தவர் அவர். அத்தகையவர் தலைமையில் ஒரு குழு உயரிய விருதைத் தந்த அதே படத்தைப் பாசிசச் சார்புடையது எனத் திறனாய்வாளர் சிலர் அந்த விழாவின்போதே சாடினர். பிரேசிலிலோ நிலைமை வேறாக இருந்தது. படத்தின் கதாநாயகனான காவல் அதிகாரியைத் திரையரங்கில் கைதட்டி வரவேற்றவர் பலர். சிறப்புப் படையைச் சேர்ந்த அதிகாரிகள் சிலர், தம்மைச் சித்திரவதைக்காரர்களாகக் காட்டுகிறது எனக் கூறி, படம் வெளியாவதைத் தடுக்க நீதிமன்றத்தை நாடினர். ஒரே படம் ஒரு சாராருக்குக் காவல்துறையின் புகழ்மாலையாகவும், இன்னொரு சாராருக்கு அதன்மீதான குற்றப்பத்திரிகையாகவும் தோன்றியிருக்கிறது.

இம்முரண் எங்கிருந்து எழுகிறது? படத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கொண்டு இதற்கு விடை காண இயலாது. நிகழ்வனவற்றில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை. பிளாஸ்டிக் பையால் முகத்தை மூடி மூச்சை அடைக்கும் சித்திரவதையை இருவரும்தான் காண்கின்றனர். வேறுபாடு, அக்காட்சியை யார் சொல்லக் கேட்கிறோம் என்பதில் உள்ளது. ஒரு பாட்டின் பொருளை அறியுமுன் அது யார் கூற்று, யாரை நோக்கியது எனக் கேட்கும் பழக்கம் தமிழ் இலக்கிய மரபுக்குப் புதியதன்று. அகப்பாடல்களின் அடியில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' எனக் குறிக்கும் துறைக்குறிப்பு அப்பழக்கத்தின் விளைவே. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. அவை செய்யுளுக்கு வெளியிலிருந்து சேர்க்கப்படும் விளக்கங்கள் அல்ல என்பது இதனால் பெறப்படும். அந்த நோக்கை ஒரு பிரேசில் படத்தின்மேல் செலுத்துவது வலிந்து பொருத்துவதாகச் சிலருக்குப் படலாம். கருவி பொருந்துகிறதா என்பதைப் பயன்படுத்திப் பார்த்தே அறிய வேண்டும்.

ஃபவேலாவும் சிறப்புப் படையும்

ஃபவேலா என்னும் சொல்லே அரசின் படைவீரர்கள் இட்ட பெயரிலிருந்து வந்தது. பாஹியா மாநிலத்தின் கனூடோஸ் குடியிருப்பை அழித்த போர் 1897இல் முடிந்தபின் ரியோவுக்குத் திரும்பிய வீரர்கள், தமக்கு வாக்களிக்கப்பட்டவை கிடைக்காத நிலையில், நகரின் நடுவேயிருந்த ஒரு குன்றில் குடிசையிட்டுத் தங்கினர். கனூடோஸ் அருகே தாம் முகாமிட்டிருந்த, ஃபவேலா என்னும் செடி மிகுந்த குன்றின் பெயரை இக்குன்றுக்கும் வழங்கினர். நாளடைவில் குன்றுச்சரிவுகளில் அரசின் திட்டமின்றி எழுந்த எல்லாக் குடியிருப்புகளுக்கும் அது பொதுப்பெயராயிற்று. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரியோ நகர மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஃபவேலாவில் வாழ்ந்தனர். அரசால் கைவிடப்பட்ட வீரர்கள் குடியேறி உருவாக்கிய இடத்தின் வழித்தோன்றல்களுக்குள்தான் நூறாண்டு கழித்து அரசின் கவச வண்டிகள் நுழைகின்றன.

படத்தின் மையமான 'போப்பே' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிறப்பு நடவடிக்கைப் பட்டாலியன், ரியோ மாநில இராணுவக் காவல்துறையின் ஒரு பிரிவு. 1964 முதல் 1985 வரை நீடித்த இராணுவ ஆட்சியின்போது, 1978இல், அதன் முன்னோடிப் பிரிவு தொடங்கப்பட்டது. இப்போதைய பெயர் 1991இல் அமைந்தது. மக்களாட்சி மீண்ட பின்னர் இயற்றப்பட்ட 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பு, காவல்துறையின் இராணுவ அமைப்பை மாற்றாமல் விட்டுவிட்டது. கத்தி பாய்ந்த மண்டையோடும் குறுக்காக வைத்த இரு கைத்துப்பாக்கிகளும் இப்படையின் சின்னம். ஃபவேலாக்களுக்குள் அது செலுத்தும் கவச வண்டியை மக்கள் 'பெரிய மண்டையோடு' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர்.

'எலீட் ஸ்குவாட்' படத்துக்கு அடிப்படை, மானிடவியலாளர் லூயிஸ் எட்வர்டோ சோவாரெஸ், சிறப்புப் படையில் பணியாற்றிய ஆந்த்ரே பாட்டிஸ்டா, ரோட்ரிகோ பிமென்டல் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 2006இல் வெளியிட்ட நூல். பிமென்டல் திரைக்கதையாக்கத்திலும் பங்கேற்றார். படையில் இருந்த காலத்திலேயே 'ஒரு தனிப்பட்ட போரின் செய்திகள்' (1999) என்னும் ஆவணப்படத்தில் அவர் காவல் பணியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். ஆகவே, படத்தின் குரல் முற்றிலும் கற்பனையில் பிறந்ததன்று. உள்ளிருந்தவர் சொல்லும் வாக்குமூலத்தின் சாயல் அதில் தொடக்கத்திலேயே உண்டு.

இயக்குநரின் முந்தைய படைப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2000ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று ரியோவில் 174ஆம் எண் பேருந்தைக் கடத்திய இளைஞனைப் பற்றி 'பேருந்து 174' (2002) என்ற ஆவணப்படத்தைப் பாடில்யா எடுத்தார். 1993இல் கண்டெலாரியா தேவாலயத்தின் முன் உறங்கிய தெருச்சிறுவர்கள் காவலர்களால் கொல்லப்பட்டபோது உயிர் தப்பியவன் அவன். பேருந்துக் கடத்தலின் முடிவில் உயிரோடு பிடிபட்டுக் காவல் வண்டியிலேயே மூச்சுத்திணறி இறந்தான். அவனது குடும்பப்பெயர் நாசிமென்டோ. 'எலீட் ஸ்குவாட்' படத்தின் கதாநாயகனான காப்டனின் பெயரும் நாசிமென்டோதான். பிறப்பு என்பது அச்சொல்லின் பொருள். முதற்படத்தில் காவல்துறையால் மூச்சடைத்து இறந்தவனின் பெயரை இரண்டாம் படத்தில் மூச்சடைக்கும் காவலன் தாங்கி வருகிறான். இதை வெறும் தற்செயல் என ஒதுக்க இக்கட்டுரையாளருக்கு மனம் வரவில்லை. முதற்படம் குற்றவாளி உருவான வரலாற்றைத் தேடியது, இரண்டாம் படம் காவலன் உருவாகும் வரலாற்றைத் தேடுகிறது. சூழலே மனிதனின் செயலைத் தீர்மானிக்கிறது என்னும் கருத்தமைந்த, உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கூற்று ஒன்று படத்தின் தொடக்கத்தில் திரையில் இடப்படுவதும் இத்தேடலைச் சுட்டுகிறது.

கதைப்போக்கு

கதை 1997இல் நிகழ்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ரியோவுக்கு வரவிருக்கிறார். அவர் தங்கவிருக்கும் இடம் ஒரு ஃபவேலாக் குன்றுக்கு அருகில் இருப்பதால், அக்குன்றை முன்கூட்டியே 'தூய்மை' செய்யும் பொறுப்பு சிறப்புப் படையிடம் விடப்படுகிறது. காப்டன் நாசிமென்டோவின் மனைவி கருவுற்றிருக்கிறாள். மன அழுத்தத்தால் கை நடுங்கும் நிலைக்கு வந்துவிட்ட அவன், தனக்கு மாற்றாக ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டுப் பணியிலிருந்து விலக விரும்புகிறான். நண்பர்களான நேட்டோ, மத்தியாஸ் என்னும் இரு இளம் காவலர்களில் ஒருவன் அதற்குத் தகுதியாவான் என்பது அவன் எண்ணம். நேட்டோ துடிப்பும் அவசரமும் உடையவன். கறுப்பினத்தவனான மத்தியாஸ் வறுமையிலிருந்து வந்து, காவல் பணியோடு பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயில்பவன்.

வழக்கமான காவல்துறையின் சீரழிவைப் படம் நகைச்சுவை கலந்து விவரிக்கிறது. வண்டிப் பணிமனையில் புதிய எந்திரப் பாகங்கள் திருடப்பட்டுப் பழையவை பொருத்தப்படுகின்றன. தன் எல்லைக்குள் கிடந்த பிணம் புள்ளிவிவரத்தில் ஏறிவிடக் கூடாதென்று அதை அடுத்த பட்டாலியனின் எல்லைக்குள் தள்ளிவிடுகின்றனர். அங்கிருப்போர் மீண்டும் இங்கே கொண்டுவந்து போடுகின்றனர். இந்த அழுகலைக் கண்டு வெறுத்த இரு நண்பர்களும் சிறப்புப் படையில் சேர்கின்றனர். இழிவும் வதையும் நிறைந்த பயிற்சியில், தாங்க முடியாதவன் தானே விலகிக்கொள்ளுமாறு பயிற்சியாளர்கள் கத்தும் தொடர் பிரேசில் தெருக்களில் கேலிப் பேச்சாகப் பரவிற்று. படம் திரையரங்குக்கு வருமுன்பே, 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அதன் திருட்டுப்பிரதி வெளியாகி நடைபாதைக் கடைகளில் விற்கப்பட்டது. ஃபவேலாவில் வாழ்வோரும் காவலர்களும் மேட்டுக்குடியினரும் ஒரே காலத்தில் அதைப் பார்த்தனர்.

இடம் மாறிய கூற்று

படத்தின் அமைப்பைத் தீர்மானித்த முடிவு படத்தொகுப்பு மேசையில் எடுக்கப்பட்டது. முதலில் கதையின் மையமாகவும் கதைசொல்லியாகவும் மத்தியாஸே இருந்தான். படப்பிடிப்பு முடிந்து, தொகுப்பாளர் டேனியல் ரெசென்டேயுடன் அமர்ந்தபோது, நாசிமென்டோவாக நடித்த வாக்னர் மௌராவின் நடிப்பு மற்றெல்லாவற்றையும் விஞ்சி நிற்பதை இயக்குநர் கண்டார். பின்னணிக் குரல் நாசிமென்டோவுக்கு மாற்றப்பட்டது. காட்சிகளில் பெரும்பகுதி அப்படியே இருக்க, கூற்று மட்டும் ஒருவனிடமிருந்து மற்றொருவனிடம் சென்றது.

இதைத் திரைக்கலை சார்ந்த திருத்தமாக மட்டும் காண முடியாது. ஃபவேலாவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே அலைக்கழியும் கறுப்பின இளைஞனின் தன்மைக் கூற்றாக இருந்திருக்க வேண்டிய கதை, அம்மூன்றையும் மேலிருந்து மதிப்பிடும் வெள்ளையின அதிகாரியின் கூற்றாயிற்று. மத்தியாஸ் சொல்லியிருந்தால், தான் மெல்ல மெல்லக் கொலைகாரனாகும் கதையை அவனே ஐயத்தோடு சொல்லியிருப்பான். நாசிமென்டோ சொல்கையில், அது ஒரு மாணவன் தேர்ச்சி பெறும் கதையாகிறது.

நாசிமென்டோவின் கூற்றில் ஒரு விந்தை உள்ளது. தன்மை இடத்தில் பேசும் அவன், தான் இல்லாத இடங்களில் நடந்தவற்றையும் நேரில் கண்டவன்போல விவரிக்கிறான். பணிமனையில் நேட்டோ பட்ட பாடும், வகுப்பறையில் மத்தியாஸுக்கு நேர்ந்த அவமானமும் அவனுக்குத் தெரிந்திருக்கின்றன. அகக்கூற்று நிகழ்த்துவோருள் அறிவர்க்கும் பார்ப்பார்க்கும் ஒரு சலுகையைச் செய்யுளியல் தருகிறது. இவர்தம் கூற்றைக் கேட்போர் இன்னார்தாம் என்னும் வரையறை அதற்கு இல்லை, எவரும் கேட்கலாம். நாசிமென்டோவின் குரல் இந்த அறிவர் நிலையைத் தனக்குத்தானே எடுத்துக்கொள்கிறது. நிதானமும் எள்ளலும் உலகறிந்தவனின் சலிப்பும் கலந்த அக்குரல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பது படத்தில் எங்கும் குறிப்பிடப்படவில்லை.

ஆனால் அக்குரலுக்குரிய உடல் திரையில் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. மூச்சுத் திணறுகிறான், மாத்திரை விழுங்குகிறான், மருத்துவரிடம் செல்கிறான். நேட்டோ இறந்தபின் வீட்டில் மனைவியைப் பார்த்து, இங்கே ஆணையிடுபவன் நானே எனக் கத்துகிறான். அவள் குழந்தையோடு அவனை விட்டுச் செல்கிறாள். லூலா கார்வால்யோவின் கையேந்து ஒளிப்பதிவும் நடுங்கும் மனிதனின் கண்போலவே அலைகிறது. படத்தை விமரிசனப் படைப்பாகக் கொள்வோர் இந்த உடலைச் சான்று காட்டுகின்றனர்: கதைசொல்லி நோயாளி, ஆகவே அவன் சொல்வதைப் படம் ஏற்கவில்லை என்பது அவர்தம் வாதம்.

இவ்வாதம் பாதி மட்டுமே சரி என்பது இக்கட்டுரையின் கருத்து. குரலுக்கும் உடலுக்கும் இடையே பிளவு உண்மையாகவே உள்ளது. ஆயினும் பிளவைப் பார்வையாளன் உணர வேண்டுமானால், அக்குரலை மறுத்துரைக்கும் வேறொரு குரல் படத்தில் வேண்டும். அகப்பாடலில் தலைவன் பொய்யுரைத்தால் அதை மறுக்கத் தோழி இருக்கிறாள். தோழி இல்லாத தலைவன் கூற்றாகவே ஒரு தொகை முழுவதும் அமைந்திருந்தால், பரத்தையிற் பிரிவுக்கு அவன் சொல்லும் காரணமே நமக்கு உலகியல் உண்மையாகப் பட்டிருக்கும்.

வகுப்பறையில் ஃபூக்கோ

மறுத்துரைக்கும் குரல் ஒன்று இருந்திருக்கக்கூடிய இடம் பல்கலைக்கழக வகுப்பறை. ஃபூக்கோவின் 'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலைப் பற்றிய கருத்தரங்கு அங்கே நடக்கிறது. மாணவர்கள் அதைப் பிரேசில் காவல்துறைக்குப் பொருத்திப் பேச, தன் பணியை அவர்களிடம் மறைத்துள்ள மத்தியாஸ் எழுந்து காவல்துறையின் பக்கம் நின்று வாதிடுகிறான். ஃபூக்கோவின் நூல் தண்டனை என்பது உடலை வதைப்பதிலிருந்து உள்ளத்தை ஒழுங்குபடுத்துவதற்கு மாறிய வரலாற்றைச் சொல்வது. படத்தில் காணும் ஃபவேலாவிலோ அம்மாற்றம் நிகழவே இல்லை. பிளாஸ்டிக் பை அதற்குச் சான்று. அதே வேளையில் சிறப்புப் படையின் பயிற்சி முகாம் ஃபூக்கோ விவரித்த ஒழுங்குமுறைக் கூடத்தின் அச்சு அசலாக உள்ளது. காவலனுக்கு ஒழுங்குமுறை, ஃபவேலாவாசிக்கு வதை என அந்நூலின் இரு காலங்களும் ஒரே நகரில் ஒரே நாளில் அருகருகே நிலவுகின்றன. இத்தனை வளமான ஓரிடத்தைப் படம் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

காரணம், அம்மாணவர்களின் பேச்சுக்கு எந்த மதிப்பும் கிடைக்காதபடி கதை அவர்களைக் கறைப்படுத்திவிடுவதுதான். அவர்கள் கஞ்சா புகைக்கின்றனர். ஒருவன் அதை வளாகத்தில் விற்கிறான். பயானோ என்னும் கும்பல் தலைவனின் ஒப்புதலோடு அவன் குன்றிலேயே தொண்டு நிறுவனம் நடத்துகின்றனர். ஒரு சோதனையின்போது பிடிபட்ட மாணவனின் முகத்தைச் சுடப்பட்டுக் கிடப்பவனின் காயத்தில் அழுத்தி, இவனைக் கொன்றது யார் என நாசிமென்டோ கேட்கிறான். போதைப்பொருளை வாங்கும் மேட்டுக்குடியே கொலைகாரன் என்பது அவன் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. நுகர்வோரின் பணமின்றிக் கும்பலின் துப்பாக்கிகள் இல்லை. ஆனால் அவ்வாதத்துக்கு மாணவனிடம் விடை இல்லை, விடை சொல்லும் வாய்ப்பும் அவனுக்குத் தரப்படவில்லை. கன்னத்தில் அறை வாங்கிக்கொண்டிருப்பவன் வாதிட முடியாது. இங்கே நிகழ்வது கூற்றுப் பறிப்பு.

கூற்றிலார்

செய்யுளியலில் கூற்று நிகழ்த்துதற்கு உரியோரைப் பட்டியலிடும் பகுதியை அடுத்து, கூற்று இல்லாதோரையும் ஒரு நூற்பா எண்ணுகிறது. ஊரார், அயலார், சேரியோர், நோயின் தன்மை அறிவோர், தந்தை, தமையன் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். இவர்கள் பேசுவதில்லை, இவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்து மொழிவது மட்டுமே உண்டு. இங்குச் சேரி என்பது பலர் சேர்ந்து வாழும் குடியிருப்பு என்னும் பழம்பொருளில் வந்தது. பிற்காலத்தில் அச்சொல்மேல் ஏறிய சாதிப் பொருளை இந்நூற்பாவுக்குள் ஏற்றுவது பிழையாகும். மேலும், குடும்பத்தில் அதிகாரம் மிக்க தந்தையும் தமையனும் இதே பட்டியலில் இருப்பதால், கூற்றின்மையை அதிகாரமின்மை என்று நேராகக் கொள்ளவும் இயலாது. அது ஓர் இலக்கிய விதி. சிலர் பேசாதிருப்பதால்தான் அகத்தின் உலகம் தலைவி, தோழி முதலியோரின் நெஞ்சுக்குள் குவிகிறது. இவ்விதியிலிருந்து நமக்கு வேண்டுவது ஒன்றே. ஒரு படைப்பில் பேசாதோர் இல்லாதோர் ஆவதில்லை. அவர்கள் பிறர் வாயில் இருக்கின்றனர்.

'எலீட் ஸ்குவாட்' படத்தில் ஃபவேலாவாசிகள் இருப்பது அவ்வாறே. குன்றின் சந்துகளில் அவர்கள் நிறைந்திருக்கின்றனர். ஓடுகின்றனர், ஒளிகின்றனர், கேள்விக்குப் பதில் சொல்கின்றனர். தம் வாழ்வைத் தாமே சொல்லும் இடம் அவர்களுக்கு அரிதினும் அரிது. அவர்கள் வாய் திறப்பது பெரும்பாலும் வதையின்போது, ஒரு பெயரையோ இடத்தையோ சொல்வதற்காக. சித்திரவதையால் பெறப்படும் சொல்லுக்குப் பேசுபவன் உண்டு, ஆனால் அது அவன் கூற்றாகாது. படத்தின் இறுதிப் பகுதியில் பயானோவைத் தேடிக் குன்றின் வீடுகளில் புகும் படை, ஒரு சிறுவனைத் துடைப்பக் கட்டையைக் காட்டி அச்சுறுத்தியபின் அவன் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறான். அச்சிறுவன் சொன்ன ஒரு சொல் கதையை முடித்துவைக்கிறது. அவன் யார் என்பதைக் கதை கேட்பதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காவலர் வருகையைப் பட்டாசு வெடித்து அறிவிக்கும் காவற்சிறுவன் ஒருவனைப் படை பிடித்து விசாரிக்கிறது. அவன் காட்டிக்கொடுத்தபின் நாசிமென்டோ அவனை விடுவிக்கிறான். காட்டிக்கொடுத்தவனைக் கும்பல் உயிரோடு விடாது என்பது அவனுக்குத் தெரியும். பின்னொரு நாள் அச்சிறுவனின் தாய் நாசிமென்டோவைத் தேடி வருகிறாள். மகனைத் திருப்பித் தா என்று அவள் கேட்கவில்லை. நீதியும் கேட்கவில்லை. புதைப்பதற்கு உடல் வேண்டும் என்கிறாள். படம் முழுவதிலும் நாசிமென்டோவின் குரல் தடுமாறுவது இவளை எதிர்கொண்ட பின்னர்தான். துப்பாக்கிச் சண்டையில் அசையாதவன் ஒரு தாயின் சிறிய கோரிக்கைக்கு முன் உடைகிறான்.

சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவு பெறும் கிளவியை எச்சம் என்கிறது செய்யுளியல். அத்தாயின் பேச்சு எச்சமாகவே நிற்கிறது. மகன் என்ன செய்தான், அவனைக் கும்பலிடம் சேர்த்தது எது, அவன் போனபின் அவள் வீட்டில் யார் இருக்கின்றனர் என எதுவும் சொல்லப்படவில்லை. அதை நிறைவு செய்யும் பொறுப்பைப் படம் நாசிமென்டோவின் பின்னணிக் குரலிடமே ஒப்படைக்கிறது. அக்குரல் அவள் துயரைத் தன் குற்றவுணர்வாக மாற்றிக்கொள்கிறது. அவளுடைய இழப்பு அவனுடைய நோய்க்கான காரணமாகிறது. படத்தை விமரிசனப் படைப்பு எனக் கொள்வோர் சான்றுகாட்டும் அந்த நடுக்கமே, பேசத்தக்க ஒரே ஃபவேலாக் குரலை விழுங்கிவிடுகிறது. இப்படத்தின் மிகப்பெரிய அறச்சிக்கலாக இக்கட்டுரையாளர் கருதுவது சித்திரவதைக் காட்சிகளை அன்று, இந்த மாற்றத்தையே.

இறுதிக் காட்சியும் கேட்போரும்

பார்வைக்குறையுள்ள ஃபவேலாச் சிறுவன் ஒருவனுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தருவதாக மத்தியாஸ் வாக்களிக்கிறான். அதைக் கொடுக்க மத்தியாஸுக்குப் பதிலாகச் சென்ற நேட்டோவைப் பயானோவின் கும்பல் சுட்டுக் கொல்கிறது. படத்தில் ஒரு காவலன் ஃபவேலாவுக்குத் துப்பாக்கியன்றி வேறொன்றைக் கொண்டுசெல்லும் அரிய தருணம் இப்படி முடிகிறது. அதன்பின் மத்தியாஸிடம் எஞ்சியிருந்த தயக்கமும் போய்விடுகிறது. கொல்லப்பட்ட தொண்டு நிறுவனத்தாருக்காக வெண்ணிற உடையில் அமைதிப் பேரணி நடத்தும் மாணவர்களிடையே புகுந்து, தான் பழகிய மாணவனை அடித்து வீழ்த்துகிறான்.

இறுதியில் பயானோ காயமுற்று மாடியில் கிடக்கிறான். முகத்தில் சுட வேண்டாம், பிணத்தை வீட்டார் பார்க்க வேண்டும் என்று மன்றாடுகிறான். உடலைப் புதைக்கக் கேட்ட தாயின் வேண்டுகோளும் இதுவும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. நாசிமென்டோ ஷாட்கன் துப்பாக்கியை மத்தியாஸிடம் தருகிறான். மத்தியாஸ் குறிவைக்கிறான். இப்போது கேமரா பயானோ கிடக்கும் இடத்தில் இருக்கிறது, துப்பாக்கியின் வாய் பார்வையாளனை நேராக நோக்குகிறது. வெடியோசையோடு படம் அறுபடுகிறது.

இதுவரை இன்னாரென வரையறுக்கப்படாதிருந்த கேட்போர் இந்த ஒரு கணத்தில் இடம் பெறுகின்றனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நாசிமென்டோவின் தோளருகே நின்று கேட்டுவந்தவன், துப்பாக்கி முனையில் கிடப்பவனாக மாற்றப்படுகிறான். இதைத் தண்டனையாகக் கொள்ளலாம்: இக்குரலை நம்பியவனே, இதன் முடிவு உன்முகத்தில்தான் என்று. போதைப்பொருளை நுகரும் வகுப்பைச் சேர்ந்த பார்வையாளன்மீதான குற்றச்சாட்டாகவும் கொள்ளலாம். மாணவனின் முகத்தைக் காயத்தில் அழுத்திய காட்சியின் தொடர்ச்சி அப்போது தெளிவாகும். இவ்விரண்டில் எதைக் கொண்டாலும், திரையரங்கில் எழுந்த கைதட்டலை அவை விளக்கவில்லை. கைதட்டியோர் தம்மைப் பயானோவின் இடத்தில் காணவில்லை. குரலின் பிடி கேமராவின் நோக்குநிலையைக் காட்டிலும் வலிது. இரண்டு மணி நேரக் கூற்று அமைத்துக்கொடுத்த இருக்கையிலிருந்து சில நொடிக் காட்சி ஒருவனை எழுப்பிவிடாது.

இரண்டாம் படம்

மூன்றாண்டு கழித்துப் பாடில்யா எடுத்த தொடர்ச்சிப் படத்தின் துணைத்தலைப்பு, 'எதிரி இப்போது வேறொருவன்' என்னும் பொருளது. 2010இல் வெளியான அப்படம் திரையரங்குகளில் 1 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்து, 'டோனா ஃப்ளோரும் அவளது இரு கணவர்களும்' (1976) வைத்திருந்த பிரேசில் சாதனையை முறியடித்தது. முதற்படத்தின் வரவேற்பைக் கண்டு இயக்குநர் அமைதியிழந்தார் என்பதற்கு இரண்டாம் படமே சான்று. இதில் நாசிமென்டோவுக்கு எதிர்க்குரல் தரப்படுகிறது. மனித உரிமைச் செயற்பாட்டாளரும் பின்னர்ச் சட்டமன்ற உறுப்பினருமாகும் ஃப்ராகா, நாசிமென்டோவின் முன்னாள் மனைவியை மணந்தவன், அவன் மகனை வளர்ப்பவன். தொடக்கத்தில் நாசிமென்டோவின் எள்ளலுக்கு இலக்காகும் ஃப்ராகாவே சரியாகச் சொன்னான் என்பது படம் நகர நகர வெளிப்படுகிறது. கும்பல்களை ஒழித்த இடத்தில் காவலர்களே அமைத்த 'மிலிசியா' என்னும் குழுக்கள் வந்து, எரிவாயுவுக்கும் தொலைக்காட்சி இணைப்புக்கும் சிற்றுந்துக்கும் மக்களிடம் பணம் பறிக்கின்றன. தான் வலுப்படுத்திய படை அவர்களுக்கு வழி திறந்துவிட்டதை நாசிமென்டோ காண்கிறான். முதற்படத்தில் அவன் உருவாக்கிய மத்தியாஸ், காவலர்களின் தோட்டாவுக்கே இரையாகிறான்.

ஃப்ராகாவுக்கு முன்மாதிரி, ரியோ மாநிலச் சட்டமன்றத்தில் மிலிசியாக்கள் பற்றிய விசாரணைக் குழுவுக்கு 2008இல் தலைமை தாங்கிய மார்செலோ ஃப்ரெய்ஷோ. அக்குழுவின் அறிக்கை 200க்கும் மேற்பட்டோரைப் பெயர் சுட்டிக் குற்றம் சாட்டியது. படத்தின் முடிவில் நாசிமென்டோ அத்தகைய ஒரு குழுவின் முன் அமர்ந்து சாட்சியம் அளிக்கிறான். முதற்படத்தில் எவரையும் விளிக்காமல் பேசிய குரலுக்கு இப்போது கேட்போர் வரையறுக்கப்படுகின்றனர். பெயரும் பொறுப்பும் உடைய, கேள்வி கேட்கவும் குறிப்பெடுக்கவும் உரிமையுள்ள ஒரு மன்றம் அது. இன்ன இடத்தில் இன்னார் இன்னார்க்குச் சொல்வது இது என உணரவைக்கும் முன்னம் என்னும் உறுப்பு அப்போதுதான் நாசிமென்டோவின் பேச்சில் அமைகிறது. அறிவர் நிலையிலிருந்து இறங்கிச் சாட்சியாகிறான்.

ஆயினும் மன்றத்தில் சாட்சி சொல்பவன் காவலன், கேட்பவன் சட்டமன்ற உறுப்பினன். மிலிசியாவுக்குப் பணம் கட்டுபவர் அந்த அறையில் இல்லை. அங்கிருந்து படம் பிரேசிலியா நகரின் வானுக்குச் சென்று நாட்டின் தலைமை மன்றங்களை மேலிருந்து காட்டுகிறது. ஃபவேலாவுக்குத் திரும்புவதில்லை.

திரைக்கு வெளியே ஃப்ரெய்ஷோவின் அலுவலகத்தில் அக்காலத்தில் பணியாற்றியவருள் ஒருவர், மாரே என்னும் ஃபவேலாத் தொகுதியில் பிறந்த கறுப்பினப் பெண் மரியெல் ஃப்ராங்கோ. சட்டமன்ற மனித உரிமைக் குழுவின் பணிகளை ஒருங்கிணைத்து, காவல்துறையாலும் கும்பல்களாலும் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் முறையீடுகளைக் கேட்டுவந்தவர். பணியில் இறந்த காவலர்களின் குடும்பத்தாரும் அவரிடம் வந்தனர். 2016இல் ரியோ நகரமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அம்மன்றத்தில் தாமே எழுந்து பேசினார். 2018ஆம் ஆண்டு மார்ச் 14 இரவு காரில் செல்கையில் ஓட்டுநரோடு சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையை நிறைவேற்றியதாக 2024இல் தண்டிக்கப்பட்ட இருவரும் ரியோ இராணுவக் காவல்துறையில் முன்னர்ப் பணியாற்றியோர். கொல்லப்படுவதற்குச் சில நாள் முன்னர்தான், அக்காரி ஃபவேலாவில் காவல் பட்டாலியன் ஒன்று நடந்துகொண்ட முறையை அவர் பொதுவெளியில் கண்டித்திருந்தார்.